கிராம் மேடத்தின் ஆறு கோழிகள்

தடாலென்று வாசலில் ஏதோ விழுந்தது. அடுத்த நொடி, ஆறு பேரின் கழுத்தை ஒரே சமயத்தில் பிடித்துத் திருகியது போல ஒரு கூச்சல் கிளம்பியது.

பின்பக்கம் எலுமிச்சைச் செடியின் அருகே குனிந்து நின்ற லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த கிண்ணம் நழுவி உருண்டது. நல்லவேளை, காலிக் கிண்ணம். அதிலிருந்த ஓட்ஸ் கஞ்சி முழுவதும் ஏற்கெனவே செடியின் வேருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"என்னங்க, எங்க இருக்கீங்க? வந்து ஒரு கை பிடிங்க. கோழி வந்துடுச்சு" என்று முன்பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது.

மெக்கானிக் கிண்ணத்தைப் பொறுக்கிக்கொண்டு வாயைத் துடைத்துக்கொண்டார். கஞ்சி குடித்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு வருவதுதானே முறை.

வாசலில் ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கம்பிக்கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. உள்ளே ஆறு பழுப்புக் கோழிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றன. "கை வழுக்கிடுச்சு மேடம். எல்லாம் உசுரோடதான் இருக்கு, எண்ணிக்கோங்க" என்றார்.

மேடம் எண்ணவில்லை. எடை போடுவதற்குத் தராசை எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்தத் தராசைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும். இருநூற்று நாற்பது படுக்கைகள் கொண்ட பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சாப்பாட்டுக்கு இருபத்தாறு வருடம் பொறுப்பாக இருந்தவர் அந்த அம்மாள். யாருக்கு எத்தனை கிராம் சோறு, யாருக்கு எத்தனை கிராம் பருப்பு என்று அவர் எழுதினால் அதுதான் சட்டம். பெரிய டாக்டர்கள்கூட 'கிராம் மேடம் என்ன சொல்றாங்க' என்று கேட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். நோயாளியின் சொந்தக்காரர்கள் திருட்டுத்தனமாகக் கொண்டுவரும் தின்பண்டங்களைப் பிடிப்பதில் அவருக்கு நிகர் அவரே. தலையணை உறைக்குள் வறுவல், பிளாஸ்கில் குழம்பு, ஒருமுறை எக்ஸ்ரே உறைக்குள் பொரித்த மீன். எல்லாவற்றையும் மூக்காலேயே கண்டுபிடித்திருக்கிறார். எட்டு மாதத்துக்கு முன் ஓய்வு பெற்றபோது சமையல்கூடத்துக்காரர்கள் சேர்ந்து கொடுத்த பரிசுதான் அந்தத் தராசு. கிண்டலாகக் கொடுத்தார்களா, பயபக்தியோடு கொடுத்தார்களா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆஸ்பத்திரி அவரை விட்டது. அவர் ஆஸ்பத்திரியை விடவில்லை. இருநூற்று நாற்பது படுக்கைக்கான அக்கறை முழுவதும் இப்போது ஒரே ஒரு ஆள் மீது இறங்கியது.

மெக்கானிக்குக்குச் சர்க்கரை வந்து ஏழு மாதமாகிறது. கொஞ்சம்தான், எட்டிப் பார்க்கிற அளவுதான். ஆனால் மேடம் உடனே சட்டம் போட்டுவிட்டார். காலையும் மாலையும் முந்நூறு கிராம் ஓட்ஸ் கஞ்சி. அதில் துருவிய காய் உண்டு, உப்பு கிடையாது.

"இது எனக்கு மட்டுமா?" என்று அன்றைக்கே கேட்டுப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும்தான். நான் வேற ஏதாவது சாப்பிட்டா நீங்க என் தட்டையே பார்த்து ஏங்குவீங்க. நோயாளிக்கு முன்னால நல்ல சாப்பாடு சாப்பிடறது பாவம்."

மெக்கானிக் அந்தப் பெருந்தன்மைக்குத் தலையாட்டினார். முதல் நாள் அவர் அந்தக் கஞ்சியை ஒரு வாய் குடித்தார். ஊறவைத்த அட்டைப்பெட்டியை யாரோ அன்போடு ஊட்டிவிட்டது போலிருந்தது. மறுநாளிலிருந்து, "காத்தாடக் குடிக்கிறேன்" என்று கிண்ணத்தோடு பின்பக்கம் போக ஆரம்பித்தார். காலையில் மேடம் கூடத்தில் உடற்பயிற்சி செய்யும் நேரம், மாலையில் செய்தி பார்க்கும் நேரம். எலுமிச்சைச் செடி ஒன்றும் சொல்லவில்லை. மேடம் தன் பங்கை அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் காலையில் குடிப்பார். மாலையில் அவர் கிரீஸ் போகக் குளிக்கப் போனபிறகு. அதனால் எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துக் குடிக்கும் சங்கடம் இல்லை.

மெக்கானிக்கின் வயிற்றை பேக்கரிக்காரர் பார்த்துக்கொண்டார். வெண்ணெய் தடவிய பன் இரண்டு, ஒரு டீ. மாதாந்திர ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் விரதம். வேடிக்கை என்னவென்றால், சர்க்கரை உண்மையாகவே குறைந்து வந்தது. லிஃப்ட் ஓடாதபோதுதான் லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள்; ஆகவே பத்து மாடி, பன்னிரண்டு மாடி என்று அவர் தினமும் படியேறிக்கொண்டிருந்தார். மேடம் சோதனைச் சீட்டைப் பார்த்து, "பார்த்தீங்களா, கஞ்சி வேலை செய்யுது" என்பார். "ஆமா, நல்லா வேலை செய்யுது" என்று இவரும் தலையாட்டுவார்.

ஒரு நோயாளி போதவில்லை என்றுதான் மேடம் கோழி வாங்கினார். கூண்டுப் பண்ணை ஒன்றில் ஒரு கொட்டகையைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆறு முட்டைக்கோழிகளுக்குச் சொல்லியனுப்பினார். வீட்டு முட்டை, அதில் வெள்ளைக்கரு மட்டும், வாரம் மூன்று நாள் என்று அட்டவணையும் தயாராகிவிட்டது.

கூடு கட்டியது மெக்கானிக். லிஃப்ட் மோட்டார் வந்திறங்கிய மரப்பெட்டி. மூன்று பக்கம் பலகை, ஒரு பக்கம் கம்பிவலை. கதவுக்கு மட்டும் தன் தொழில் புத்தியைக் காட்டியிருந்தார். எடைக்கல் கட்டிய கதவு. ஒரு விரலால் தூக்கினால் மேலே போகும். விட்டால் சத்தமில்லாமல் மெதுவாக இறங்கும்.

அந்த அருமையான கதவு வழியாக உள்ளே போன கோழிகள் ஒரே மூலையில் போய் ஒட்டிக்கொண்டன. பிறந்ததிலிருந்து கம்பிமேல் நின்ற கால்கள். மரத்தூளை மிதிப்பதா வேண்டாமா என்று தூக்கித் தூக்கி வைத்தன. ஒரு கோழிக்கு மட்டும் கொண்டை மடிந்து ஒரு கண்ணின்மேல் தொப்பி போல விழுந்திருந்தது. அது மற்ற ஐந்தையும் விட்டு விலகி நின்று, வேலை நடக்கிறதா என்று பார்ப்பது போல் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"இது மேஸ்திரி" என்றார் மெக்கானிக்.

"நோயாளிக்குப் பேர் வைக்கக்கூடாது, நம்பர்தான்" என்றார் மேடம்.

அவர் எதையும் குறைவாகச் செய்பவர் அல்ல. பண்ணையில் போட்ட அதே தீவனத்தை வரவழைத்திருந்தார். பயந்த கோழியை மற்றவை தள்ளிவிடக்கூடாது என்று இரண்டு தட்டு. இடம் பழகுகிறவரை ஏழு நாளைக்கு வெளியே விடக்கூடாது, வெளி ஆட்கள் எட்டிப் பார்க்கக்கூடாது. கோழிக்கு நூற்றுப் பத்து கிராம். ஆறுக்கு அறுநூற்று அறுபது. சமையலறைக் கதவில் கோடு போட்ட தாள் ஏறியது: வைத்தது, மிஞ்சியது, தின்றது, எச்சம்.

"எச்சம் எதுக்கு?" என்றார் மெக்கானிக்.

"உள்ள போறதும் வெளிய வர்றதும் ஒத்துப்போகணும். இல்லேன்னா எங்கேயோ தப்பு நடக்குதுன்னு அர்த்தம்."

வெளி ஆட்கள் எட்டிப் பார்க்கக்கூடாது என்று சொல்லி வாய் மூடவில்லை, சுவருக்கு மேலே கறிக்கடைக்காரரின் தலை தெரிந்தது. தெருமுனையில் கடை. கோழிச் சத்தம் கேட்டால் அவருக்கு மூக்கு வியர்த்துவிடும்.

"அக்கா, பண்ணைக் கோழியா? புது இடத்துல இதுங்க தீனி எடுக்காது. ரெண்டு நாள்ல துவண்டுடும். துவள்றதுக்குள்ள சொல்லுங்க, வந்து தூக்கிக்கிறேன்."

மேடத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் கையில சாப்பிடாம போன நோயாளி கிடையாது. ஏழு நாள். ஏழு நாள்ல முழு அளவு சாப்பிடலேன்னா நானே உங்களைக் கூப்பிட்டுக் கொடுத்துடறேன்."

"வர்ற ஞாயிற்றுக்கிழமை. சாட்சிக்கு அண்ணன் இருக்கார்" என்று மெக்கானிக்கைக் காட்டிவிட்டுத் தலை இறங்கியது.

அன்று மாலை மெக்கானிக் வழக்கம்போல் கிண்ணத்தோடு பின்பக்கம் வந்தார். எலுமிச்சைச் செடியை நோக்கி நடந்தவர் கூட்டுக்கு முன்னால் நின்றார். தட்டில் தீவனம் அப்படியே இருந்தது. கோழிகள் மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தன. பாவமாக இருந்தது. வந்த இடத்தில் யாரோ தராசைக் காட்டி, சாப்பிடு சாப்பிடு என்றால் யாருக்குத்தான் தொண்டையில் இறங்கும் என்று தோன்றியது. கம்பிவலை வழியாக ஒரு கரண்டி கஞ்சியைப் பலகையில் விட்டார்.

மேஸ்திரி வந்தது. ஒரு கண்ணால் கஞ்சியைப் பார்த்தது. கொத்தியது. பிறகு அது நிமிரவே இல்லை. அதன் சத்தம் கேட்டு இன்னொன்று வந்தது, பிறகு எல்லாம் வந்தன. இரண்டு நிமிடத்தில் பலகை சுத்தம். தான் இத்தனை மாதமாக விழுங்க முடியாமல் தவித்த ஒன்றை இப்படி ஆசையாகத் தின்கிற ஜீவன்களைப் பார்த்து மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. மீதிக் கஞ்சியையும் விட்டார்.

"நல்லா இருக்கா? உப்பு இல்ல, கண்டுக்காதீங்க" என்றார் கோழிகளிடம்.

திங்கட்கிழமை காலைக் கணக்கு: தின்றது நாற்பது கிராம்.

"முதல் நாள் அப்படித்தான் இருக்கும். இடம் மாறின அதிர்ச்சி" என்றார் மேடம்.

செவ்வாய், அறுபது. புதன், ஐம்பத்தைந்து. மேடம் சும்மா இருக்கவில்லை. காற்றும் ஆள் நடமாட்டமும் பயமுறுத்துகிறதோ என்று வலைக்குப் பாதி உயரம் சாக்கு கட்டினார். தட்டைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தொங்கவிட்டார். பண்ணையில் தீவனம் எந்திரத்தில் வரும், அந்தச் சத்தம் கேட்டால்தான் பசி எடுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கரண்டியால் தகரத்தைப் பத்து நிமிடம் தட்டினார். கோழிகள் மூலைக்கு ஓடின. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

மெக்கானிக்குக்கு மட்டும் உண்மை தெரியும். காலை முந்நூறு, மாலை முந்நூறு என்று கஞ்சி ஏற்றிக்கொண்ட கோழி காய்ந்த தீவனத்தை எதற்குத் தொடப்போகிறது. ஒரு பக்கம் ஞாயிற்றுக்கிழமை நெருங்கியது. இன்னொரு பக்கம், கிண்ணத்தோடு அவர் வருகிற காலடி கேட்டாலே மேஸ்திரி வலைக்கு ஓடி வந்து கொக்கரிக்க ஆரம்பித்திருந்தது. வீட்டில் அவரைப் பார்த்து அப்படி யாரும் ஓடிவந்து வெகு காலமாகிறது.

இப்படியே விட்டால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்காரர் வந்து ஆறையும் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போவார். தடுக்க ஒரே வழி, கஞ்சியை நிறுத்துவது. எலுமிச்சைச் செடிக்கு ஊற்றலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மேடம் இப்போது செடியடியில்தான் மரத்தூளைக் கொட்டிச் சலித்து எச்சம் எடை போடுகிறார். ஆகவே வியாழக்கிழமை காலை, லிஃப்ட் மெக்கானிக் தன் கஞ்சியைத் தானே குடித்தார்.

கம்பிவலைக்கு முன்னால் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஆறு கோழிகளும் வேடிக்கை பார்க்க, கடைசிச் சொட்டுவரை குடித்தார். மேஸ்திரி அவரைப் பார்த்த பார்வையில் துரோகி என்று எழுதியிருந்தது. மாலையும் அதே கதை. நடுவில் பேக்கரியில் பன்னைத் தொடாமல் தள்ளி வைத்தார்.

"உடம்பு சரியில்லையா அண்ணே?" என்றார் பேக்கரிக்காரர்.

"ஆறு உசுரைக் காப்பாத்திட்டு வர்றேன்" என்றார் இவர். பேக்கரிக்காரர் ஏதோ லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்து டீயை இலவசமாகக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை தாளைப் பார்க்க மெக்கானிக் சமையலறைக்கு ஓடினார். தின்றது: நூற்றுப் பத்து.

புதன்கிழமையைவிட ஐம்பத்தைந்து கிராம் அதிகம். ஆனால் அறுநூற்று அறுபது எங்கே, நூற்றுப் பத்து எங்கே. அப்படியானால் கஞ்சி மட்டும் காரணமில்லை. தான் குற்றவாளி இல்லை என்றதும் ஒரு கணம் அப்பாடா என்றிருந்தது. அடுத்த கணமே இன்னொரு கவலை வந்தது. காரணம் வேறு என்றால் கோழிகளுக்கு நிஜமாகவே ஏதோ நோய். தான் குடித்த இரண்டு கிண்ணமும் வீண். அன்று காலைக் கஞ்சியை எடுத்துக்கொண்டுபோய் முழுவதையும் வலைக்குள் விட்டார். நோயாளியைப் பட்டினி போடுவது எந்த ஆஸ்பத்திரியில் நியாயம்.

மாலையில் கறிக்கடைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். கையில் மூங்கில் கூடை.

"அளவு பார்க்க வந்தேன் அக்கா. ஆறும் இதுல கொள்ளுமா?"

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்றார் மேடம். வழக்கமான கம்பீரம் குரலில் இல்லை என்று மெக்கானிக்குக்குப் பட்டது. "ஒரு மணி நேரம் முன்னாடிகூட வரக்கூடாது."

"சொல்லை மாத்த மாட்டீங்களே?"

"நான் எழுதினதை எந்த டாக்டரும் மாத்தினதில்ல. நானும் மாத்தினதில்ல."

கறிக்கடைக்காரர் போன பிறகு மெக்கானிக் மெல்ல ஆரம்பித்தார். "ஏன், ஏழு நாளைப் பத்து நாளாக்கினா என்ன? கோழிக்கு என்ன ரூல் புத்தகமா தெரியும்?"

"தெருவே கேட்டுட்டு இருந்தது. இப்ப மாத்தினா என்ன காரணம் சொல்றது?" என்றார் மேடம். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

சனிக்கிழமை விடிந்தது. மேடம் கூடத்தில் கையை உயர்த்தித் தாழ்த்திப் பயிற்சி செய்யும் சத்தம் கேட்டது. மெக்கானிக் பின்பக்கம் வந்து கதவை ஒரு விரலால் தூக்கினார். சத்தமில்லாத கதவு, இந்த வேலைக்கென்றே செய்தது போலிருந்தது. இரண்டு தட்டிலிருந்தும் தீவனத்தைக் கைநிறைய அள்ளினார். கொட்ட இடமில்லை. எதைக் கொட்டினாலும் மேடம் கண்டுபிடித்துவிடுவார். தன் கருவிப் பைக்குள் ஸ்பேனருக்கும் திருப்புளிக்கும் நடுவே கொட்டி மூடினார். மேஸ்திரி அதற்கும் மேற்பார்வை செய்தது.

ஏழு மணிக்கு மேடம் எடை போட்டார். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றாவது முறை தராசைத் துடைத்துவிட்டு.

"நானூற்று எண்பது" என்றார்.

மெக்கானிக் முகத்தை முடிந்தவரை ஆச்சரியமாக வைத்துக்கொண்டார். "அப்படியா? பார்த்தியா, பழகிடுச்சு. நாளைக்கு அறுநூற்று அறுபது ஆயிடும். கறிக்கடைக்காரன்கிட்ட சொல்லிடு."

மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "அஞ்சு நாளாத் தொடாதது ஒரே நாள்ல நானூற்று எண்பதா? எச்சம் ஏறவே இல்ல. உள்ள போனது எங்க போச்சு? வயித்துல கட்டிக்கிச்சா?" புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "இது குணமானது இல்லீங்க. இது பெரிய வியாதிக்கு அறிகுறி. மாட்டு டாக்டரைக் கூப்பிடறேன்."

காப்பாற்றப் போய் டாக்டரை வரவழைத்துவிட்டோமே என்று மெக்கானிக் தலையில் கைவைத்துக்கொண்டார். அன்று பதினோராவது மாடியில் கருவிப் பையைத் திறந்தபோது தீவனம் கொட்டி லிஃப்ட் கதவின் தண்டவாளத்தில் அடைத்துக்கொண்டது. அந்த லிஃப்ட் அதற்கப்புறம் ஒரு மணி நேரம் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. காலைக் கஞ்சியை வழக்கம்போல் கோழிக்குக் கொடுத்தார். இது கடைசிச் சாப்பாடாக இருக்கலாம் என்ற நினைப்பில் கிண்ணத்தை வழித்து வழித்துக் கொடுத்தார்.

ஏழரைக்கு மேடம், "டாக்டருக்கு வீடு தெரியாது. நீங்க பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்க் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பினார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். தோளில் பை, காலில் ரப்பர் பூட்ஸ். "கோழிக்குப் பேஷண்ட் சார்ட் போட்ட வீடு இதுதானா சார்? போன்ல அம்மா கிராம் கணக்கு சொன்னப்ப நான் ஏதோ குழந்தையைப் பத்தின்னு நினைச்சேன்" என்று பேசிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் கூடையோடு கறிக்கடைக்காரர் நின்றார். அவரும் கூடவே பின்பக்கம் வந்தார். மேடம் கூட்டின் அருகே நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் முதலில் மேஸ்திரியைப் பிடித்தார். கண் இமையைப் பார்த்தார், இறக்கையைத் தூக்கிப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே தீனிப்பையை விரலால் அழுத்தினார். புருவம் உயர்ந்தது. அடுத்த கோழி. அதற்கடுத்தது. ஆறும் முடிந்தது.

"இதுங்க சாப்பிடலைன்னு யார் சொன்னது? எல்லாத்துக்கும் தீனிப்பை பந்து மாதிரி ரொம்பியிருக்கு."

"தீவனம் எடுக்கலையே" என்றார் மேடம் மெல்லிய குரலில்.

"அப்ப ரெண்டுல ஒண்ணு. வேற ஏதோ தின்னுது. இல்லேன்னா பழைய தீனி செரிக்காம தேங்கிப் புளிச்சுப் போயிருக்கு. அது வியாதி. ஆறுக்கும் வந்திருந்தா வைத்தியம் பார்த்துப் பிரயோஜனமில்ல." டாக்டர் இருவரையும் பார்த்தார். "வேற ஏதாவது போடுறீங்களா?"

கறிக்கடைக்காரர் கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, "அப்ப தேங்கின தீனிதான் டாக்டரம்மா. சீக்கிரம் எடுத்தாத்தான் கறிக்கு ஆகும்" என்றார்.

மேஸ்திரி மெக்கானிக்கைப் பார்த்து ஓடிவந்தது. வலையில் மூக்கை வைத்து, கிண்ணம் எங்கே என்பது போல் கொக்கரித்தது. அவர் மனைவியைப் பார்த்தார். தலையணை உறையைக் கிழித்து வறுவல் எடுத்த கை. எக்ஸ்ரே உறைக்குள் மீனைப் பிடித்த மூக்கு. இன்றோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"வியாதி எதுவும் இல்ல டாக்டர். என் கஞ்சி."

"என்ன கஞ்சி?"

"ஓட்ஸ் கஞ்சி. காலையில ஒரு கிண்ணம், சாயங்காலம் ஒரு கிண்ணம். நான் குடிக்கிறதில்ல. இதுங்க வர்றதுக்கு முன்னாடி எலுமிச்சைச் செடிக்கு ஊத்திட்டிருந்தேன். ஏழு மாசமா." நாக்கு ஒருமுறை அவிழ்ந்துவிட்டதால் நிற்கவில்லை. "நேத்து குறைஞ்ச தீவனமும் இதுங்க தின்னது இல்ல. நான்தான் அள்ளி என் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். அந்தாளைக் கூடையை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. தப்பு கோழி மேல இல்ல."

கறிக்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணே, ஏழு மாசமா அக்காவையே ஏமாத்திட்டீங்களா? பெரிய ஆளுதான்."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு இடிக்குக் காத்திருந்தார். இடி வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். மேடம் அவரைப் பார்க்கவே இல்லை. கோழிகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

டாக்டர் தன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "கிண்ணம்னா எவ்வளவு?"

"முந்நூறு கிராம்" என்றார் மேடம், பழக்க தோஷத்தில், சட்டென்று.

"இன்னைக்கு எத்தனை மணிக்குப் போட்டீங்க சார்?"

"ஆறரைக்கு. ஒரே ஒரு கிண்ணம்தான்."

"அப்ப கணக்கு உதைக்குதே. அது இந்நேரம் பாதி இறங்கியிருக்கும். இங்க ஆறும் இப்பத்தான் சாப்பிட்டு எழுந்த மாதிரி இருக்கு. இதோ, அலகுல ஒட்டியிருக்கிறது இன்னும் காயவே இல்ல." டாக்டர் மேஸ்திரியின் அலகிலிருந்து ஒரு வெள்ளைத் துணுக்கை விரலில் எடுத்துக் காட்டினார். "சார் என்கூட பஸ் ஸ்டாப்ல நின்னார். இது யார் போட்டது?"

மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. கறிக்கடைக்காரரைப் பார்த்தார். அவர் 'நான் இல்லை' என்று கூடையைத் தூக்கிக் காட்டினார்.

மேடம் புடவைத் தலைப்பால் இன்னொருமுறை கையைத் துடைத்தார். அது ஏற்கெனவே நன்றாகத்தான் காய்ந்திருந்தது. பிறகு டாக்டரிடம், வேறு யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அது என்னோட பங்கு. உப்பில்லாம அதை மனுஷங்க எப்படிம்மா குடிக்கிறது?"